நூத்தி ரெண்டு டிகிரி ஜுரம்

மச்சான்,

ஸ்பிரிட் வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. நேற்று சாயங்காலம் சேலையூரில் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து உன் லேப்டாப்பைப் பிரித்தேன். கிராஃபிக்ஸ் சிப்பின் சூடு வெளியேற நீ தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொரிந்து கிடந்தது. வழக்கம்போல அள்ளி அப்பியிருந்தாய். "பட்டாணி சைஸ் போதும்டா" என்று கத்துவேன். "நெய் ரோஸ்ட்டுக்கு நெய் அளந்தா ஊத்துவாங்க?" என்பாய். துடைத்து எடுக்கும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். பஞ்சு கறுத்தது, அவ்வளவுதான்.

உன் அம்மா, ஆன்ட்டிதான் கூப்பிட்டார்கள். படப்பை ரோட்டில் அந்த லாரி உன் பைக்கை அடித்ததிலிருந்து யாரும் இந்த லேப்டாப்பைத் திறக்கவில்லை. நாம் கேம் ஆடும்போது நீ பேசிப் பதிவு செய்த வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. உன் குரல் வேறெங்கும் இல்லை. இப்போது போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் சூடேறி அணைந்துவிடுகிறதாம். அணையாமல் என்ன செய்யும்? கிராஃபிக்ஸ் கார்டை அதற்குரிய வேகத்துக்கு மேல் விரட்டி, ஆன் செய்ததுமே அதே வேகத்தில் கிளம்பும்படி பூட்டி வைத்தவன் நீ. திருமுடிவாக்கத்தில் நீ வேலை பார்த்த பட்டறையிலிருந்து அலுமினியத் தகடு கொண்டுவந்து அடியில் கொடுத்தாய். அடியில் காற்றுப் புக நாலு மூலைக்கும் தண்ணி பாட்டில் மூடி வைத்தாய். வேகத்தை மட்டும் குறைக்கவே மாட்டாய்.

சூட்டை நாம் ஜுரம் என்றுதான் சொல்வோம். ஒருநாள் போனில் நீ என்னிடம், "நூத்தி ரெண்டு தொட்டுடுச்சு மச்சான், ஜுரம் எறங்கவே மாட்டேங்குது, பேஜாரா கீது" என்றதை ஆன்ட்டி கேட்டுவிட்டார்கள். நீ நன்றாக இருப்பதைப் பார்த்து, எனக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பேர் சொல்லி ஜெபிக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் பாஸ்டர் பிரெட் பாக்கெட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். நான் பனியனோடு பைக் துடைத்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்து நீ சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாய்.

நேற்று புதுப் பேஸ்ட் வைத்து, நீ ஏற்றியிருந்த வேகத்தை மொத்தமாக இறக்கினேன். வீடியோ நிற்காமல் ஓடியது. "டேய் பேமானி, பின்னாடி பாருடா!" என்று என்னைத் திட்டினாய். ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஜுரம் எவ்ளோப்பா இருக்கு?" என்று கேட்டார்கள்.

"நாப்பத்தஞ்சுதான் ஆன்ட்டி. நல்லா எறங்கிடுச்சு."

கீபோர்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். "ஜில்லுனு இருக்கே" என்றார்கள். பிறகு, "ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்தப்போ அவன் நெத்தி இப்படித்தான் இருந்துச்சு. வேணாம்ப்பா. கொஞ்சம் சூடாவே இருக்கட்டும்."

உன் வேகத்தைப் பாதி திருப்பி ஏற்றினேன். எழுபதுக்கு வந்து நின்றது. வீடியோ முடியும்வரை ஆன்ட்டி கையை எடுக்கவில்லை.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை மச்சான். உன்னை அடக்கம் செய்த அன்றும் வரவில்லை. மரத்துப் போய்க் கிடக்கிறேன். வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பின் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. அதன் வேகத்தையும் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன்.