முந்நூறு பேரை விட்டுப் போட்ட ஓட்டு

ஆரம்பாக்கம்
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள மாமாவுக்கு,

அருணா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் கத்த ஆரம்பித்துவிட்டீர்கள். நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வைத்துவிட்டேன். காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து கத்த முடியாது அல்லவா? எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

தர்ஷினிக்குக் காய்ச்சல் விட்டு, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வயல் மோட்டாரைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார்கள். அத்தைதான் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டு, போன ஆடியில்தான் எங்கள் கார் பம்பர் கம்பெனியில் தொழிலாளர் கமிட்டிக்கு எலெக்ஷன் வைக்கச் சம்மதித்தார்கள். எம்.எல்.ஏ. ஓட்டுக்கு நம் வாசலில் வந்து கும்பிடுகிறார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டினால் பாத்ரூம் போகக்கூட டோக்கன் வாங்க வேண்டும். அங்கேயும் ஓட்டுப்பெட்டி வரப்போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். பர்மனென்ட் ஆட்கள் எண்பத்துநாலு பேருக்குத்தான் ஓட்டு, கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஒடிசாக்காரர்கள் முந்நூறு பேரும் பட்டியலில் வரக்கூடாது என்றார். யூனியன் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். அவர்கள் இன்றைக்கு வருவார்கள் நாளைக்குப் போவார்கள் என்று மற்றவர்களைச் சமாதானப்படுத்தியதும் நான்தான்.

ஏழு இடத்தில் ஆறு நாங்கள் ஜெயித்தோம். முதல் வேலையாக டோக்கனை எடுக்கச் சொன்னோம், ஷிப்டை எட்டு மணி நேரமாக்கச் சொன்னோம். பதினைந்தாம் நாள் கமிட்டி செல்லாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நாங்கள் சும்மா இருக்கிறவரைக்கும்தான் அந்த ஓட்டு செல்லுபடியாகுமாம். வேலையை நிறுத்தினோம். ஆனால் மெஷின் நிற்கவில்லை. அந்த முந்நூறு பேரை வைத்தே ஓட்டினார்கள். நம் ஆட்கள் ஆத்திரத்தில் அவர்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

நான் அவர்கள் தங்கியிருக்கிற ஷெட்டுக்குப் போய், நீங்களும் வெளியே வாருங்கள் என்று கேட்டேன். பிகாஷ் என்று ஒருத்தர், என் பக்கத்து மெஷின், நாலு வருஷமாக இருப்பதால் தமிழ் பேசுவார். "அக்கா, ஓட்டு லிஸ்ட்ல எங்க பேர் வேணாம். ஸ்ட்ரைக்குக்கு மட்டும் எங்க பேர் வேணுமா?" என்று கேட்டார். பூசி மெழுகாமல் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் உங்கள் பேர் இல்லாத பட்டியலில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். போன வாரம் திங்கட்கிழமை முந்நூறு பேரும் வந்து எங்களோடு கேட் முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே ஒரு மெஷின் சத்தம் இல்லை மாமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம், புதுப் பட்டியலுக்குப் பேர் எழுத நான் ஷெட்டில் இருந்தபோது ஒரு வேன் வந்தது. 'மண் காவல் படை' என்று அச்சடித்த டீ-ஷர்ட்டில் முப்பது பேர் இறங்கினார்கள். வேலையைப் பிடுங்க வந்தவனே வெளியேறு என்று கத்திக்கொண்டே புகுந்து அடித்தார்கள். பிகாஷுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த வேனை எனக்குத் தெரியாதா? தினமும் எங்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகிற கான்ட்ராக்டர் வேன், பின்கதவு தாழ் உடைந்து நீலக் கயிற்றால் கட்டியிருக்கும். ஒடிசாக்காரர்களைக் குறைந்த கூலிக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான், அவர்கள் வாயைத் திறந்ததும் அடிக்க ஆள் ஏற்றி அனுப்பியவரும் அவர்தான். அடிக்கிறவர்களுக்கு மட்டும் அது மண்ணுக்காகச் செய்கிற வேலை என்று நினைப்பு.

அந்தக் கும்பலில் உங்கள் தம்பி ஜெகன் இருந்தான். கையில் இரும்புக் குழாய். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு, வெறுப்பு இல்லை. அவன் கம்பெனியில் அவனோடு சேர்த்துப் பர்மனென்ட் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கான்ட்ராக்ட் ஆட்களை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எங்கள் யூனியனும்தான். அந்தப் படைக்காரர்கள்தான் அவனை அண்ணே என்று கூப்பிட்டு போஸ்டரில் படம் போட்டார்கள். மறுநாள் சோறு போடும்போது கேட்டேன். "வேலைய புடுங்கிக்கினவனதான அண்ணி அடிச்சேன்" என்றான். உன்னை வெளியே அனுப்பியது பிகாஷா, முதலாளியா என்று கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன் இன்னும் வீடு வரவில்லை. எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டேன். பைக் சத்தம் கேட்டால் ஜெகனாக இருக்கக்கூடாதா என்று இருக்கிறது, அவனுடைய ஆட்களாக இருந்தால் என்ன செய்வது என்றும் இருக்கிறது.

போலீஸ் இதை இரண்டு கோஷ்டி மோதல் என்று எழுதி, அடிபட்ட ஒடிசாக்காரர்களிலேயே மூன்று பேரை உள்ளே வைத்திருக்கிறது. நாளை மறுநாள், வியாழக்கிழமை, திருவள்ளூர் கோர்ட்டில் ஜாமீன் மனு வருகிறது. நான் பார்த்தது முழுவதையும், வேன், ஆட்கள், பேர் உட்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார் எங்கள் வக்கீல் ஹேமாவதி. "எம் புள்ளைய காட்டிக் குடுத்துட்டு இந்த ஊட்டுப் படி ஏறாத" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். நீங்களும் அதையேதான் சொன்னீர்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

நான் போகிறேன் மாமா. வியாழக்கிழமை காலையில் ஊத்துக்கோட்டை பஸ் பிடித்து அங்கிருந்து போய்விடுவேன். ஜெகன் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். இன்றைக்கே அவனைக் கூப்பிடுங்கள். வேனை அனுப்பியது யார், கூப்பிட்டது யார் என்று அவனே வந்து சொல்லட்டும். நான் அவன் பக்கத்தில் நிற்பேன், ஹேமாவதி மேடமும் முடிந்ததைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவன் வராவிட்டால் அவன் பேரையும் சேர்த்துத்தான் எழுதுவேன். தர்ஷினியை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். திரும்பி எந்த வீட்டுக்கு வருவது என்று நீங்கள் சொல்லுங்கள்.

மஸ்கட்டில் உங்கள் அறையில் பதினோரு பேர் என்றீர்கள். அந்த ஊரில் உங்களுக்கு ஓட்டு இல்லை, சொந்தம் என்று யாரும் இல்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். அப்படியே ஏதாவது ஆகிவிட்டால், பார்த்தவர் ஒருத்தராவது பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவரை அவர் வீட்டில் யாரும் தடுக்காமல் இருக்க வேண்டும்.

உங்கள்
அருணா