பக்க மேசையின் நாலாவது கால்

மார்ச் 4, செவ்வாய்

அருங்காட்சியகத்திலிருந்து கடிதம். என் கணவர் 1987இல் வடிவமைத்த பக்க மேசையைக் கேட்கிறார்கள். கட்டடக் கலைஞர்கள் உருவாக்கிய மேசை நாற்காலிகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சியாம். செய்தது ஆறு. மிச்சம் எங்கள் கூடத்தில் நிற்கிற இது ஒன்றுதான். மேலே இளஞ்சிவப்புப் பலகை. ஒரு கால் கூம்பு, ஒன்று ஏணி, ஒன்று மூன்று பந்துகளை அடுக்கியது. நாலாவது வெறும் இரும்புக் குழாய். மற்ற ஐந்தும் என்ன ஆயின என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"தரை சரியில்லாத வீடுங்களுக்குப் போயிடுச்சு."

மார்ச் 5

மேசை ஆடும். இந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் கண்ணாடிக் குடுவைகளோடு காலம் தள்ளியவள் நான், ஆடுகிற மேசை எனக்குத் தெரியாதா? "மேசை ஆடல, தரைதான் கோணல்" என்பார். ஆட்களைக் கூப்பிட்டு, கூடத்துத் தரையை இரண்டு தடவை பெயர்த்து மறுபடி போட்டார். அப்போதும் ஆடியது. பொறுக்காமல், ஒருநாள் அவருக்குத் தெரியாமல் கைக்குக் கிடைத்த ஒரு தாளை மடித்துக் குழாய்க்கு அடியில் செருகினேன். ஆட்டம் நின்றது.

"பாத்தியா? தரைதான்" என்றார்.

மார்ச் 7

இது அசல் மேசைதான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். அந்தக் காலத்தில் இதற்குக் கிடைத்த பரிசுச் சான்றிதழ் இருந்தால் போதும். அலமாரி, பரண், என் துணிப்பெட்டி எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார். "வெளிர்மஞ்சள் தாள், தங்க ஓரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேடுகிறார்.

தங்க ஓரம்.

ஐயோ.

மார்ச் 8

பெருக்குகிற சாக்கில் குனிந்து பார்த்தேன். அதேதான். எட்டாக மடித்து வைத்திருக்கிறேன், பாவி! மேசை ஆடாமல் நிற்பதே தன் சொந்தச் சான்றிதழ் மேல்தான். எடுத்தால் ஆடும். எடுக்காவிட்டால் ஆதாரம் இல்லை.

மகளுக்கு போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சொல்லிடும்மா" என்றாள்.

எப்படிச் சொல்வது? இந்த மேசைக்குப் பிறகு அவர் கட்டியதெல்லாம் பள்ளிக்கூடக் கழிப்பறையும் பேருந்து நிழற்குடையும்தான். தலைநிமிர்ந்து காட்ட அவருக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 12

சொல்லவில்லை.

மார்ச் 13

அருங்காட்சியகத்துப் பெண் வந்தாள். வெள்ளைக் கையுறை. மேசையைக் கும்பிடாத குறையாக மூன்று சுற்று வந்தாள். பிறகு சட்டென்று தரையில் படுத்துவிட்டாள்.

"சார், இது என்ன, அஞ்சாவது காலா?"

நான் தடுப்பதற்குள் உருவிவிட்டாள். டக்கென்று மேசை சாய்ந்தது. மேலிருந்த காபி இவர் சட்டையில். அவள் தாளைப் பிரித்து, சத்தமாகவே படித்தாள்: "சமநிலைக்கான முதல் பரிசு."

"நான்தாங்க வச்சேன். அன்னிக்குப் பார்க்காம எடுத்துட்டேன்…" என்றேன்.

இவர் மேசையை ஒரு விரலால் அழுத்தினார். டக். விட்டார். டக்.

"ஆடுது" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

பிறகு அந்தப் பெண்ணிடம், "பழையபடி மடிக்க உங்களுக்கு வராதும்மா. அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

எட்டாக மடித்தேன்.

மார்ச் 15

இரண்டு நாளாகப் பேச்சில்லை. கோபமா, வெட்கமா? சட்டையில் காபிக் கறை போகவில்லை. அதையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 20

கண்காட்சிக்குப் போய் வந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் மேசை, காலடியில் தாள். பெயர்ப்பலகையில் மேசைக்கு இவர் பெயர், மடிப்புக்கு என் பெயர். ஒரு ஆள் மடிப்பை மட்டும் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, அதன் தத்துவத்தைத் தன் மனைவிக்கு விளக்கினார். இவர் முகத்தில் லேசாகப் பொறாமை. நான் கவனிக்காத மாதிரி நின்றேன்.

ஜூன் 24

மேசை இருந்த இடம் காலி. இன்று தாளும் பென்சிலுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புதுசா ஒண்ணு போடலாம்னு இருக்கேன். நீ சொல்லு, எத்தனை கால்?"

"மூணு போதுங்க. மூணு கால் ஆடாது."

வரைய ஆரம்பித்துவிட்டார்.