வயலுக்கு வந்த படை

கீழ்வேளூர்,
7.12.2018

அன்பு மாமாவுக்கு,

நானும் அத்தையும் சுகம். அங்கே குளிர் எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். மத்திய அரசுக் கம்பெனிக்காரர்கள் எண்ணெய்க் கிணறு தோண்ட, நம் பக்கத்து வயலில் கதிர் வந்த சம்பாவின் மேல் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டுவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் அந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கிறோம். அத்தைதான் முதல் ஆள்; உங்கள் அம்மா அல்லவா!

இன்ஸ்பெக்டர் வந்து, "தடை உத்தரவு இருக்கு, கலைஞ்சு போங்க" என்றார். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டம் தரும் உரிமை என்று, கல்யாணமான புதிதில் மத்தியப் படை வேலைக்கான பரீட்சைக்குப் படித்தபோது நீங்கள்தானே வாசித்துக் காட்டினீர்கள்? எனக்குப் புரியவில்லை.

உங்கள் தமிழ்நிலா

ராஞ்சி,
19.12.2018

அன்பு நிலா,

குளிரில் விரல் மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருக்கும். உரிமைதான். அதற்குக் கீழேயே, நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் இருக்கிறது. எது நியாயம் என்று அதில் இல்லை.

இன்னொரு சேதி. அந்தக் கிணற்றுக்குக் காவலாக எங்கள் படைப்பிரிவைத்தான் அனுப்புகிறார்கள். சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு, அவர்கள் கேட்காமல் மத்தியப் படை போகக் கூடாது என்கிறார் ஓர் அதிகாரி. மத்திய அரசின் சொத்தைக் காக்க யாரையும் கேட்க வேண்டாம் என்கிறார் இன்னொருவர். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள்.

சொந்த ஊர் என்று சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். நான் சொல்லவில்லை. நான் இருந்தால் உங்கள் மேல் அடி விழாது என்று தோன்றுகிறது. சரியா, தப்பா, தெரியவில்லை. நீங்கள் இருவரும் வீட்டிலேயே இருந்துவிடுங்களேன்.

அறிவுச்செல்வன்

கீழ்வேளூர்,
27.12.2018

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்தேன். "அவன் வந்தா நம்ம பக்கத்துல உக்காருவானா?" என்று கேட்டார். காக்கிச் சட்டையோடு எப்படி உட்காருவார் என்றேன். சிரித்துவிட்டு, பாதைக்குக் கிளம்பிவிட்டார். நானும் போகிறேன்.

வராதீர்கள் மாமா.

நிலா

நாகப்பட்டினம் முகாம்,
9.1.2019

நிலா,

பக்கத்தில்தான் இருக்கிறேன். முகாமை விட்டு வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்.

பெண் போலீசார் அம்மாவைத் தூக்கி வேனில் ஏற்றியபோது நான் கேடயத்தோடு நின்றேன். உன்னையும் ஏற்றியதைப் பார்த்தேன். அம்மா என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

யாருக்கும் அடி விழவில்லை, இல்லையா? சிறையிலிருந்து வெளியே வந்ததும் ஒரு வரி எழுது.

அறிவு

கீழ்வேளூர்,
17.1.2019

மாமாவுக்கு,

பொங்கலுக்குள் வெளியே வந்துவிட்டோம். கூத்தாநல்லூர் வக்கீல் மெஹராஜ் பேகம் எங்களுக்காக வாதாடினார். "இவங்க கையில ஆயுதம் இருந்துச்சா?" என்று நீதிபதி இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"அப்புறம் எதுக்கு உள்ள வச்சீங்க?"

விட்டுவிட்டார்கள். மத்தியப் படையை யார் கூப்பிட்டது என்று வக்கீல் கேட்டதை மட்டும் நீதிபதி முடிவு செய்யவில்லை. அது ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை கிணறு தோண்டக் கூடாதாம்.

அடி விழவில்லை, நிஜம்தான். அது உங்களாலா, தெரியவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபமா, அதுவும் தெரியவில்லை. வேனில் ஏறியதிலிருந்து அத்தை உங்கள் பேச்சையே எடுக்கவில்லை. நேற்று சோறு பிசைந்துகொண்டே கேட்டார்: "அவன் நமக்குக் காவலா வந்தானா, அவங்களுக்குக் காவலா வந்தானா?"

அவரிடமே கேளுங்கள் என்றேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம். லீவு கிடைத்ததும் வந்து அத்தையிடமே சொல்லுங்கள். பதில் எதுவானாலும் சோறு போடுவேன். அதற்கு மேல் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

தமிழ்நிலா