“வேறு சார்ஜர்” என்று நான் எழுதிய பொய்

அனுப்புநர்:
ர. ஷோபா, வயது 34,
க/பெ. ரவிகுமார்,
மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்கவயல்.

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
கோலார்.

பொருள்: கைபேசி சூடேறித் தீப்பிடித்து ஸ்கெலட்டன் குடியிருப்பைச் சேர்ந்த திரு. முனிசாமி காயமடைந்த வழக்கு – பழுதுச் சீட்டுகளில் நான் உண்மைக்கு மாறாக எழுதியதையும், அதையே பிரமாணப் பத்திரமாகக் கொடுத்ததையும் ஒப்புக்கொள்ளுதல் – வழக்கு வாபஸ் ஆவதற்கு முன் என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பழுதுச் சீட்டுகள், நாள் 22.02.2025, 15.03.2025, 12.04.2025.
2. எனது பிரமாணப் பத்திரம், நாள் 11.08.2025.
3. அடுத்த விசாரணை நாள் 08.10.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

மேற்படி ஷோபா தலைகுனிவோடு எழுதிக்கொள்ளும் மனு. எனக்குக் கன்னடம் பேசவும் படிக்கவும் வரும். ஆனாலும் இந்த விஷயத்தைப் பிசகில்லாமல் சொல்லத் தமிழில்தான் முடிகிறது. கன்னட மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். இது ஒரு புகார் மனு. இதில் சொல்லப்படும் குற்றத்தைச் செய்தவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. ராபர்ட்சன்பேட்டையில் உள்ள ஒரு கைபேசி சர்வீஸ் சென்டரில் 2024 நவம்பர் முதல் இம்மாதம் 12-ஆம் தேதி வரை முன்மேஜையில் வேலை பார்த்தேன். (கடையின் பெயர், முகவரி இணைப்பு 1-இல்.) வருகிறவர்களிடம் குறையைக் கேட்டுப் பழுதுச் சீட்டு எழுதுவது என் வேலை. சீட்டில் நான் எழுதுவதுதான் கைபேசி தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போகும். வருகிறவர்கள் வாயால் சொன்னது என் மேஜையோடு நின்றுவிடும்.

2. இந்த வேலைக்கு முன் ஆறு வருடம் தினமும் விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு போய் வந்துகொண்டிருந்தேன். என் மகள் இந்து தூங்கும்போது கிளம்பி, தூங்கப்போகும்போது வீடு திரும்புவேன். ஊரிலேயே வேலை கிடைத்ததும் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருந்தேன். மே மாதம் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். நான் செய்ததற்கு இது நியாயம் ஆகாது. ஏன் செய்தாய் என்று தாங்கள் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

3. பிப்ரவரி 22 அன்று திருமதி மங்களம் முதல் முறை வந்தார். வயது ஐம்பத்து நான்கு. பெங்களூருவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அவர் கணவர் முனிசாமி சுரங்கம் மூடும்வரை உள்ளே இறங்கி வேலை செய்தவர். நெஞ்சில் தூசி கட்டிக்கொண்டதால் இப்போது கட்டிலைவிட்டு அதிகம் எழுவதில்லை. மகன் கிரிஷ் வாங்கிக் கொடுத்த கைபேசி வீட்டில் கணவரிடம் இருக்கும். வேலை இடத்தில் தோழியின் கைபேசியிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் மங்களம் அம்மா வீடியோவில் கூப்பிடுவார். மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார்.

அவருடைய குறை ஒன்றுதான். “பத்து நிமிசம் பேசினா தோசக்கல்லு மாதிரி சுடுதும்மா. துண்டுல சுத்திப் புடிச்சிகினு பேசறாரு.”

கைபேசி வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. உறையைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டு பேசாதீர்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். சீட்டில் “கோளாறு இல்லை” என்று எழுதினேன். அன்று அதை நானும் நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

4. மார்ச் 15 அன்று மறுபடி வந்தார். ஞாயிறு எங்கள் கடை விடுமுறை. அதனால் ஒவ்வொரு முறையும் அவர் வேலைக்கு லீவு போட்டுத்தான் வர வேண்டியிருந்தது. கணவரின் கட்டைவிரலில் கொப்புளம் வந்திருப்பதாகச் சொன்னார்.

ஒரே குறைக்கு ஒருவர் இரண்டாம் முறை வந்தால் எங்கள் கிளைக்குக் கெட்ட பெயர். மேலாளர் திரு. பிரதாப் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஹீட்டிங்னு எழுதாதே ஷோபா, யூசர் சைடு ஏதாவது போடு” என்றார். எதைப் போடுவது என்று அவர் சொல்லவில்லை. நான் மங்களம் அம்மாவிடம், எந்த சார்ஜர் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். டப்பாவில் வந்ததுதான் என்று சொல்லி, பையிலிருந்து எடுத்துக் காட்டவும் செய்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வாடிக்கையாளர் வேறு சார்ஜர் பயன்படுத்துகிறார்” என்று எழுதினேன்.

ஐயா, அந்த நான்கு சொற்களும் என்னுடையவை. வேறு யாருடைய தலையிலும் அவற்றைக் கட்ட நான் விரும்பவில்லை. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே போட்டார்.

5. ஏப்ரல் 12, சனிக்கிழமை, மூன்றாம் முறை வந்தார். கைபேசியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். தட்டையாக உட்காரவில்லை. விரல் பட்டதும் பம்பரம்போல் சுற்றியது. திரையின் ஓரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தால்தான் அப்படி ஆகும். அப்படி வந்தால் உடனே அணைத்து, கடையில் தனியாக எடுத்துவைத்து, வேறு கைபேசி தர வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மேலாளரிடம் சொன்னேன். மாற்று பேட்டரி வரப் பத்து நாளாகும், மாதக் கணக்கு முடியட்டும், மே முதல் வாரம் வரச் சொல்லு என்றார். திரும்பி வந்து மங்களம் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

“அதுவரிக்கும் இங்க வெச்சிட்டுப் போறதா, எத்துகினு போறதாம்மா? வெச்சிட்டுப் போனா அவரு மூஞ்சியப் பாக்க முடியாது. ஆனா நீ சொன்னா வெச்சிட்டுப் போறேன்.”

நீ சொன்னா என்றார். அவர் எனக்குத் திறந்து வைத்த வழி அது. வாங்கி வைத்தால் சீட்டில் உண்மையான காரணத்தை எழுத வேண்டும். “எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் ஆவாது” என்றேன். சீட்டில் மறுபடியும் “வேறு சார்ஜர்” என்றே எழுதினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, ஊழியர் சலுகையில் நான் வாங்கியிருந்த அதே மாதிரிக் கைபேசியை என் மகள் கையிலிருந்து பிடுங்கி, அணைத்து, வாசலுக்கு வெளியே சிமெண்ட் தொட்டியின்மேல் கொண்டுபோய் வைத்தேன். இன்னாம்மா ஆச்சி என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் வந்தாள். ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று இந்த ஆணையத்தின் முன் சொல்ல எனக்கு வாயில்லை.

6. ஏப்ரல் 17, வியாழக்கிழமை மதியம் ஒன்றே கால் மணிக்கு மங்களம் அம்மா வழக்கம்போல் வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார். ரசம் சூடாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது திரை வெள்ளையாகி இணைப்பு அறுந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்.

நெஞ்சின்மேல் துண்டில் சுற்றி வைத்திருந்த கைபேசி அப்படியே பற்றிக்கொண்டது. மூச்சு வாங்கும் மனிதரால் சட்டென்று எழ முடியவில்லை. கையால் தள்ளிவிட்டதில் வலது உள்ளங்கையும், நெஞ்சும், மோவாயும் வெந்தன. புகை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சுநாத் ஓடிவந்து, கைபேசியைப் போர்வையோடு சேர்த்து வெளியே இழுத்து எறிந்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. முன்பு கட்டிலிலிருந்து இறங்கி வாசல்வரை நடப்பார். இப்போது அதுவும் இல்லை.

7. மே மாதம் நிறுவனத்திலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்தது. என்னுடைய மூன்று சீட்டுகளையும் காட்டி, அங்கீகாரமில்லாத சார்ஜரே விபத்துக்குக் காரணம், நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தார்கள். அதே மாதம் எனக்கு நிரந்தர உத்தரவும் வந்தது.

8. மே 31 அன்று ஸ்கெலட்டனில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான அவர்கள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். மங்களம் அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தார். என்னை அடையாளம் கண்டு, “சர்வீஸ் சென்டர் பொண்ணுதான? வாம்மா, உள்ள வா” என்று காபி போட்டுக் கொடுத்தார். அவருடைய நாத்தனார் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, கண்ட சார்ஜரையும் போட்டு என் அண்ணனை எரித்துவிட்டாள் என்று என்னிடமே சொன்னார். 

என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: “நீ அன்னிக்கே கேட்டியே பாப்பா, எந்த சார்ஜர்னு. எதுக்குக் கேக்கறன்னு எனக்கு உறைக்கல. ஒரு நாளு கரெண்டு போயி வந்தப்ப கிரிஷ் சார்ஜர சொருகினேன். அதான் இப்பிடி ஆயிடிச்சி.”

நான் கேட்டது பொய் எழுத ஒரு காரணம் தேடி. அதை அவர் தன்மேல் அக்கறைப்பட்டுக் கேட்டதாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாள் மகனின் சார்ஜரைச் செருகியதால் எதுவும் ஆகிவிடாது என்று அந்த வாசலில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

9. கிரிஷ் தாயாரின் பெயரில் தங்கள் ஆணையத்தில் வழக்குப் போட்டார். ஆகஸ்ட் 11 அன்று நிறுவனத்தின் தரப்பில் பிரமாணப் பத்திரம் ஒன்றை என் முன் வைத்தார்கள். வேறு சார்ஜர் பயன்படுத்தியதை மங்களம் அம்மா என்னிடம் வாயால் ஒப்புக்கொண்டார் என்று அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

10. செப்டம்பர் 10 விசாரணைக்கு என்னையும் அழைத்து வந்திருந்தார்கள். கூப்பிடுவதற்கு முன் வராந்தாவில் மங்களம் அம்மா மகனிடம், “உட்டுர்றா கிரிஷ். நான் பண்ண தப்புக்கு எவங்கிட்ட நாயம் கேக்கறது? எழுதிக் குடுத்துட்டு வந்துரு” என்று அழுதுகொண்டிருந்தார். அடுத்த தேதியில் வழக்கை வாபஸ் பெறுவதாகக் கிரிஷ் தன் வக்கீலிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் இரண்டு தூண் தள்ளி நின்றிருந்தேன். என் பெயரைக் கூப்பிடவில்லை. தேதி தள்ளிப்போனது. ரயிலில் திரும்பும்போது, பிழைத்தாய் என்று மேலாளர் என்னிடம் சொன்னார். மறுநாள் ஒருநாள்தான் வேலைக்குப் போனேன். 12-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தேன்.

11. ஆதாரமாக ஒன்று உள்ளது. கடைக்கு வரும் ஒவ்வொரு கைபேசியையும் வாங்கும்போது படம் எடுப்போம். ஏப்ரல் 12 அன்று எடுத்த படத்தில் திரை தூக்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. தேதியும் நேரமும் அதிலேயே இருக்கின்றன. இது வழக்குக் கட்டில் சேர்க்கப்படவில்லை. இணைப்பு 2-ஆகச் சமர்ப்பிக்கிறேன்.

12. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, என் கணவரோடு மறுபடி ஸ்கெலட்டனுக்குப் போய், இந்த மனுவின் முதல் பதினொரு பத்திகளையும் மங்களம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் இது தங்களிடம் வருவது முறையல்ல என்று தோன்றியது.  முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

“மூணாவது வாட்டி ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே, அப்பவே தெரியுமா உனக்கு?”

தெரியும் என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். என்னை அவர் பார்க்கவே இல்லை. எழுந்து கட்டிலண்டை போனார். குனிந்து கணவரின் காதருகே சொன்னார்: “இன்னாங்க, கேட்டீங்களா? நான் பண்ணது இல்லியாம். நான் இல்லியாங்க.” முனிசாமி விரல் மடங்காத கையைத் தூக்கி மனைவியின் தலையில் வைத்தார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை என்று நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

ஆகையால் தங்களை வேண்டிக்கொள்வது:

அ) 11.08.2025 நாளிட்ட எனது பிரமாணப் பத்திரம் பொய் என்று நானே கூறுவதைப் பதிவு செய்து, 08.10.2025-க்கு முன் என்னை அழைத்து விசாரிக்க வேண்டும். அதுவரை வழக்கை வாபஸ் பெற அனுமதிக்காமல் இருக்க வேண்டும்.

ஆ) நிறுவனத்திடமும் கடையிடமும் அசல் பதிவுகளையும் படங்களையும் கேட்டு வாங்க வேண்டும். அதே மாதிரிக் கைபேசிகள் இந்த ஊரில் இன்னும் பலர் கையில் சூடேறிக்கொண்டிருக்கின்றன. வேறு யார் யார் சீட்டில் எப்படி எழுதப்பட்டது என்று பார்த்தால் தெரியும். அவற்றில் சில என் கையெழுத்தில் இருக்கும்.

இ) பொய்ப் பிரமாணம் செய்ததற்காகச் சட்டப்படி எனக்கு உரிய தண்டனை எதுவானாலும் அதற்கு உட்படுகிறேன். சலுகை கேட்கவில்லை.

ஈ) தீர்ப்பு எப்படி அமைந்தாலும், தீ பற்றியதற்குத் திருமதி மங்களம் காரணம் அல்ல என்ற ஒரு வரியைத் தமிழிலும் எழுதி, ஆணையத்தின் முத்திரையோடு அவர் கையில் தர உத்தரவிட வேண்டும். உறவுக்காரர்கள் என் வாய்ப்பேச்சை நம்பமாட்டார்கள். அவர் மேல் பழி காகிதத்தில் ஏறியது. காகிதத்தில்தான் அது இறங்க வேண்டும்.

இணைப்பு: 1. கடை, நிறுவன விவரம். 2. 12.04.2025 நாளிட்ட படம். 3. கன்னட மொழிபெயர்ப்பு.

இடம்: கோலார் தங்கவயல்
நாள்: 22.09.2025

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ர. ஷோபா