இன்னும் பத்தடி

மார்ச் 4, செவ்வாய்

காலேஜில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்தத் தேற்றத்தை நடத்தி முடித்தேன். எந்த புரோகிராமைக் கொடுத்தாலும், அது ஓடி ஓடி ஒருநாள் நிற்குமா, நிற்கவே நிற்காதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கம்ப்யூட்டர் கிடையாது. இனி வரவும் வராது. நிரூபித்தாகிவிட்டது.

கடைசி பெஞ்சு பிரியதர்ஷினி எழுந்தாள். "மனுசங்களால முடியுங்களா மேடம்?"

"முடியும். நமக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

வகுப்பே கைதட்டியது. பஸ் கடத்தூர் வந்து சேரும்வரை எனக்கு அதே மிதப்பு. நிரூபணம் எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை, நல்லவேளை.

மார்ச் 9, ஞாயிறு

பழைய போர்வெல் வற்றிவிட்டது. தக்காளி பூவோடு வாடுகிறது. "புது போர்லயும் தண்ணி வரலன்னா ஓசூர் கம்பெனிக்குப் போயிடறேன் வாணி," என்கிறார் என் வீட்டுக்காரர் தர்மன். போகக் கூடாது. கல்யாணமாகிப் பதினோரு மாதம்தான் ஆகிறது.

நீரோட்டம் பார்க்கும் வெங்கடாசலம் அண்ணன் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு எங்கள் தக்காளிக் காட்டில் நடந்தார். வேப்பமரத்துக்கு மேற்கே அது எழுந்து நின்றது. "நீங்களும் வச்சிப் பாருங்க," என்று என்னிடம் கொடுத்தார். நடந்தேன். புங்கமரத்தடியில் — அய்யோ, என் கையிலும் எழுந்தது! நான் சாய்க்கவில்லை, சத்தியமாக. சாய்த்தேனா?

"எனக்கு இங்கதான் தோணுதுங்க," என்றேன். தர்மன் நான் சொன்ன இடத்திலேயே குச்சி நட்டார்.

மார்ச் 12, புதன்

காலையிலேயே போர் வண்டி வந்துவிட்டது. ஒரே வெள்ளைப் புழுதி. செடி, நாய், அவர் மீசை எல்லாம் வெள்ளை. நானூறு அடி. அறுநூறு. தொள்ளாயிரம். ஈரமே இல்லை.

தண்ணீர் வந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். வராவிட்டால்? வரவே வராது என்று எத்தனையாவது அடியில் தெரியும்? எந்த அடியிலும் தெரியாது. கரும்பலகையில் நான் எழுதிப்போட்டது எங்கள் காட்டிலேயே வந்து நிற்கிறது.

தொள்ளாயிரத்து அறுபதில் வண்டிக்கார ராஜப்பன் கேட்டார். "நிறுத்திரலாங்களா? இல்ல, இன்னும் போலாங்களா?"

தர்மன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. படிச்சவ."

எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. இன்னும் பத்தடியில் இருந்தால்? "தெரியலைங்க," என்றேன். அழுதுவிட்டேன். தர்மன்தான் போதும் என்று கையைக் காட்டினார். வண்டி நின்றது.

மார்ச் 13

தர்மன் போர்க் குழாய்க்கு மூடி போட்டு இறுக்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினாலாவது தேவலை.

மார்ச் 14, வெள்ளி

வகுப்பில் சொன்னேன். "அன்னிக்கு முடியும்னு சொன்னது தப்பு. மனுசங்களால முடியுமான்னு எனக்குத் தெரியாது."

"அப்ப பரிச்சைக்கு என்னங்க மேடம் எழுதறது?" என்றாள் பிரியதர்ஷினி. சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் முதல் சிரிப்பு.

ஏப்ரல் 7, திங்கள்

விடிகாலை பஸ்ஸில் ஓசூர் போய்விட்டார். இனி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சாயங்காலம் போர்க் குழாயடிக்குப் போனேன். மழை பெய்யாமலேகூடச் சில போரில் மெல்ல ஊறும் என்பார்களே. கல் போட்டுக் கேட்கலாம் என்று கூழாங்கல் தேடினால், குழாய்க்குப் பின்னால் ஒரு குவியலே இருந்தது. எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்கி வைத்தது. அப்படியானால் அவரும் தினமும்...

மூடியைத் திருகி எடுத்து ஒன்றைப் போட்டேன். காது வைத்தேன். வெகுநேரம். சத்தம் வந்ததா, என் மூச்சா — தெரியவில்லை.

எட்டு மணிக்கு போன். "சாப்டியா?" என்றார். அப்புறம், "மூடிய மறுபடி இறுக்கி வச்சியா?"

"வச்சேங்க," என்றேன்.

நான் அங்கே போனதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.