பக்கத்தின் அடியில் ஏறிய எண்

18 ஜூலை 1999, ஞாயிறு

பேராசிரியரைத் தி. நகர் பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப்போனதே தப்பு. எங்கள் இலவச இணையக் கலைக்களஞ்சியத்துக்காக எழுதித் தந்த விலங்கியல் கட்டுரைகளை அவர் இதுவரை தாளில்தான் பார்த்திருக்கிறார். ஒருமுறை திரையில் காட்டிவிட்டு, இத்தோடு மூடிவிடலாம் என்று சொல்வதாக இருந்தேன். எழுத வந்த மற்றவர்களெல்லாம் கழன்றுகொண்டார்கள். தட்டச்சு செய்யும் ஸ்டெல்லா மட்டும் மிச்சம். அவளும் வந்திருந்தாள்.

பக்கம் திறந்தது. பல்லிக் கட்டுரை முழுக்கக் கேள்விக்குறியும் கோணல் குறிகளுமாக இருந்தது. அந்தக் கணினியில் எங்கள் தமிழ் எழுத்துரு இல்லை. ஃப்ளாப்பியில் கொண்டுபோயிருந்தேன்.

"அதெல்லாம் போடாத சார், வைரஸ் வந்துடும்" என்று கடைக்காரர் தடுத்துவிட்டார்.

"இது என்ன பாஷை?" என்றார் பேராசிரியர்.

பக்கத்தை மறுபடி திறந்தேன். அடியில், பார்த்தவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது. அவரால் படிக்க முடிந்தது அந்த எண்ணை மட்டும்தான்.

"அடடே, இப்போ யாரோ படிக்க வந்திருக்காளே!"

வந்தது நான்தான். மாதக்கணக்காக அந்த எண்ணை ஏற்றிக்கொண்டிருப்பது நானும் ஸ்டெல்லாவும்தான்.

"அப்போ ஆமையையும் இந்த வாரமே எழுதிடறேன். படிக்கறவாளைக் காக்க வெக்கப்படாது."

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மவுஸைத் தன் பக்கம் இழுத்து, பக்கத்தை இன்னொரு முறை திறந்தாள்.