வெள்ளை உடைக்குள் அறுபது பேர்

மார்ச் 3, செவ்வாய்

பூதக்கண்ணாடி இன்றும் நாற்பது தட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மருந்துக் குப்பிகளின் மூடியைச் சோதிப்பவள் அவள். பட்டப்பெயர் நாங்கள் வைத்தது. ஒரு மூடி கோணலாக இருந்தாலும் தட்டு முழுக்கத் திரும்பி வரும். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி மூட வேண்டும். வெளியே வர ஒரு மணி நேரம் தாமதம்.

பள்ளி வாசலில் சின்னவள் தனியாக நின்றிருந்தாள். "ஏம்மா, டெய்லி நான்தான் கடைசியா?" என்றாள். வீடு வரும்வரை பூதக்கண்ணாடியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 4, புதன்

வேலை முடிந்து போகும்போது சோதனை மேசையில் இருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்து யாரோ "ஊ..." என்று ஊளையிட்டார்கள். தலை முதல் கால் வரை எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடை, முகமூடி. பக்கத்தில் நிற்பது யாரென்று எனக்கே தெரியாது. நானும் ஊளையிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உடை மாற்றும் அறைக்குப் போகும் குறுகலான நடையில், படியருகே அவள் நின்றிருந்தாள். பேசுவதற்காக முகமூடியைக் கழற்றியிருந்தாள். "ஒரு நிமிஷம் கேளுங்க, கோளாறு உங்க மேல இல்ல, மெஷின்லதான். நான் மேல சொல்லிட்டேன்..." ஊளைச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. யாரோ கையுறையைச் சுருட்டி வீசினார்கள். பிறகு பத்து, இருபது கையுறைகள். நானும் வீசினேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? கூட்டம் நகர்ந்தது, நான் அவளருகே வந்தேன், தள்ளினேன். பின்னாலிருந்து என்னை யாரும் இடிக்கவில்லை. நானேதான், இரண்டு கையாலும். பெற்ற பிள்ளைமீதுகூட இதுவரை கை ஓங்கியதில்லை.

படியில் விழுந்தாள். "அம்மா" என்றாள். எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

மார்ச் 6, வெள்ளி

இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டதாம். யாரோ தள்ளினார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள், யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. உடை மாற்றும் இடம் என்பதால் அங்கே கேமராவும் கிடையாது. மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் பாக்கல சார்." அறுபது பேருக்கும் ஒரே பதில்.

கடைசியில் அவரே ஒரு தாளில் எழுதி நீட்டினார். "தரை ஈரமாக இருந்தது, வழுக்கி விழுந்தார்" என்று. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. சீ.

மார்ச் 7, சனி

தரை துடைக்கும் அக்காவைத் திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லையே! தரை ஈரம் என்றால் பழி யார் தலையில் விழும்?

கேட்டருகே நின்று எங்களைப் பார்த்துக் கேட்டார். "தொடச்சிட்டு, காஞ்சிருக்கான்னு வெறுங்கால்ல மிதிச்சுப் பாத்துட்டுத்தானே போவேன்? நீங்கல்லாம் பாத்ததில்லையா? ஒருத்தராவது வாயத் தெறந்து சொல்லுங்களேன்."

யாரும் திறக்கவில்லை. அப்போது முகமூடிகூட இல்லை. முகத்தோடுதான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அறுபது பேர்ல உன்ன எவன் கண்டுபிடிக்கப் போறான்? பேசாம இரு," என்றார். தைரியம் சொல்கிறாராம். அந்த அறுபதில் ஒருத்தியாக இருந்ததால்தானே எனக்கு அந்தத் தைரியமே வந்தது.

மார்ச் 9, திங்கள்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "தள்ளினது நான்தான் சார். தரை காஞ்சுதான் இருந்துச்சு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சும்மா கிடந்த விஷயத்த எதுக்கும்மா கிளறுற?" மூன்று வாரம் பணியிடை நீக்கம். அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் எதிரிலேயே அக்காவுக்குப் போன் செய்தார்.

மார்ச் 11, புதன்

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு அவளே கதவைத் திறந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. உள்ளே கூப்பிடவில்லை. "உன்னத் தள்ளினது நான்தாம்மா," என்று வாசலிலேயே சொன்னேன்.

"தள்ளினது ஒருத்தர்," என்றாள். "விழுந்ததுக்கப்புறம் எல்லாரும் என் காலைத் தாண்டித் தாண்டிப் போனீங்களே. எண்ணிட்டே கிடந்தேன். யாராவது ஒருத்தர் குனிவீங்கன்னு பாத்தேன்."

நானும் தாண்டினேன். உடையின் ஓரம் தடுக்காமல் இருக்க, கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். அன்று அதை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். எனக்கு நானே எழுதுவதில்கூட ஒளித்திருக்கிறேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன். "இப்ப முடியல. போங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அது நியாயம்தான்.

மார்ச் 30, திங்கள்

இன்று மறுபடி வேலை. தரை துடைக்கும் அக்கா என்னைப் பார்த்தார், பேசவில்லை. பக்கத்து மேசைக்காரி தன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் சொன்னதால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் பொய்க் கையெழுத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்ததாம்.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள், கட்டு இன்னும் பிரிக்கவில்லை. என் தட்டுகளில் இரண்டைத் திருப்பி அனுப்பினாள். பார்த்தேன், மூடி கோணல்தான்.

மாலையில் நடையில் பின்னாலிருந்து "ஊ..." என்று கேட்டது. எனக்குத்தான். நான் முகமூடியைக் கழற்றியிருந்தேன். சுருட்டிய கையுறை ஒன்று முதுகில் பட்டு விழுந்தது. திரும்பினேன். வரிசையாகக் கண்கள், எது யாருடையது என்று தெரியவில்லை.

அவள் முகமூடி இல்லாமல் படியோரம் நின்றிருந்தாள். நல்ல கையால் குனிந்து அந்தக் கையுறையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"படி இருக்கு. பாத்து எறங்குங்க."